100 மெகாபிட் பிளான் இருந்தும் டவுன்லோடு ஏன் ஆமை வேகம்? காசைக் கூட்டும் முன் பார்க்க வேண்டிய 5 இடங்கள்

வெள்ளிக்கிழமை மாலை. கழக்கூட்டத்தில் உங்கள் வாடகை அறை. டெக்னோபார்க் வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு நாகர்கோவில் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் 6 ஜிபி ஃபைல் ஒன்று லேப்டாப்பில் இறங்கியாக வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 95 காட்டுகிறது. டவுன்லோடு பட்டையோ "இன்னும் 1 மணி நேரம் 50 நிமிடம்" என்கிறது.

கேபிள் அண்ணனுக்கு போன் அடித்தால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "அடுத்த பிளானுக்கு மாத்திக்கோங்க." மாற்றினால் மாதம் இருநூறோ முந்நூறோ கூடும். வேகமும் கூடுமா? பல நேரங்களில் கூடாது. ஏன் என்பதையும், எதைச் செய்தால் கூடும் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

சுருக்கமான பதில்

ஃபைல் இருக்கும் சர்வரிலிருந்து உங்கள் லேப்டாப் வரை ஐந்து கட்டங்கள் இருக்கின்றன: உங்கள் வீடு, உங்கள் தெரு, நிறுவனத்தின் நடுவழி, தூரம், கடைசியில் சர்வர். இந்த ஐந்தில் எது மிக மெதுவோ அதுதான் உங்கள் வேகம். நீங்கள் பணம் கட்டி வாங்கும் பிளான் இரண்டாவது கட்டத்தை மட்டுமே தொடுகிறது. தடை வேறு கட்டத்தில் இருந்தால் கூடுதல் பணம் வீண்.

முதலில் ஒரு கணக்கு: பிட்டா, பைட்டா?

பிளானில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லை!) என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு. பிரவுசர் டவுன்லோடு வேகத்தைக் காட்டுவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே 100 மெகாபிட் பிளானில் அதிகபட்சம் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் வரும். பிரவுசரில் "12" என்று பார்த்துவிட்டு ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அது சரியான வேகம்.

ஒரு 6 ஜிபி ஃபைலை எடுத்துக்கொள்வோம். உபுண்டு 24.04 நிறுவல் ஃபைல் சுமார் அந்த அளவுதான். (திருவனந்தபுரத்தைத் தலைமையகமாகக் கொண்ட கைட் நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்குத் தரும் குனு/லினக்ஸும் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதே.) எல்லாம் சரியாக இருந்தால் அது இறங்க ஆகும் நேரம்:

• 20 மெகாபிட்: 40 நிமிடம்
• 50 மெகாபிட்: 16 நிமிடம்
• 100 மெகாபிட்: 8 நிமிடம்
• 250 மெகாபிட்: 3 நிமிடம் 12 நொடி

தரவோடு சேர்ந்து முகவரி, சரிபார்ப்புத் தகவல்களும் பயணிப்பதால் நடைமுறையில் சில சதவீதம் கூடுதலாகும். ஆனால் 8 நிமிடத்தில் முடிய வேண்டியது இரண்டு மணி நேரம் இழுத்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

கட்டம் 1: உங்கள் வீடு

முதல் சந்தேகம் வை-ஃபை மேல்தான் விழ வேண்டும். உங்கள் ரவுட்டர் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ஒரு அபார்ட்மென்ட்டில் இருபது ரவுட்டர்கள் இருந்தால் அத்தனையும் இந்த மூன்றுக்குள்தான் இடிபட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் வருகின்றன.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைவு. ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் 5. அறை தள்ளி இருந்தால் 2.4. இதற்கு மேல் இந்த விஷயத்தில் ரகசியம் எதுவும் இல்லை.

பெரிய ஃபைல் என்றால் வை-ஃபையையே விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேபிளுக்குள் 8 கம்பிகள் இருக்கும். நொடிக்கு 1 கிகாபிட் வர எட்டும் வேலை செய்ய வேண்டும். ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பழைய மோடம் பெட்டிகளின் போர்ட்டும் 100 மெகாபிட்தான். அப்படிப்பட்ட பெட்டியை வைத்துக்கொண்டு 200 மெகாபிட் பிளான் போட்டால், பாதிப் பணம் அந்த போர்ட்டிலேயே நின்றுவிடும்.

கட்டம் 2: உங்கள் தெரு

ஃபைபர் வந்துவிட்டது என்றால் உங்கள் வீட்டுக்கென்றே தனி இழை என்று அர்த்தமில்லை. இந்தியாவில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரே ஃபைபரை ஸ்பிளிட்டர் போட்டு 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். அந்த ஒரு இழையின் மொத்த டவுன்லோடு திறன் சுமார் 2,488 மெகாபிட். 64 வீடுகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் வீட்டுக்கு 39 மெகாபிட்கூடத் தேறாது.

எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லோருக்கும் 100 விற்கப்படுகிறது. இது மோசடி இல்லை. தண்ணீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் இரவு 8 முதல் 11 வரை தெருவே ஓடிடி பார்க்கும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். தடை இங்கேதான் என்றால் தீர்வு இலவசம்: பெரிய ஃபைலை விடியற்காலைக்குத் தள்ளுங்கள். டவுன்லோடு மேனேஜர்கள் பலவற்றில் நேரம் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது.

கட்டம் 3: நடுவழி

தெருவிலிருந்து கிளம்பிய தரவு உங்கள் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பில் ஏறி மற்ற நிறுவனங்களின் வலையமைப்புகளோடு சேர வேண்டும். இங்கே பாதை குறுகலாக இருந்தால் வீட்டு பிளான் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

இதற்கு நல்ல உதாரணம் கேரளக் கரைக்கு எதிரேயே இருக்கிறது. லட்சத்தீவு நீண்ட காலம் செயற்கைக்கோளை மட்டுமே நம்பியிருந்தது. மொத்தத் தீவுகளுக்கும் சேர்த்து 1.7 கிகாபிட். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே 64,473 பேர். பங்கு பிரித்தால் தலைக்கு சுமார் 26 கிலோபிட். மெகாபிட் இல்லை, கிலோபிட்! 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து போடப்பட்ட கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டபோது, திறன் 200 கிகாபிட்டாக உயரும் என்று மத்திய அரசு அறிவித்தது. அதுவரை தீவுக்காரர் ஒருவர் உலகின் விலையுயர்ந்த ரவுட்டரை வாங்கி வைத்திருந்தாலும் நடுவழி அவரை விட்டிருக்காது.

உள்நாட்டுக்குள்ளும் நடுவழிப் பிரச்சினை இருந்தது. ஒரு இந்திய நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு இந்திய நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கும் தளத்தைத் திறந்தால், தரவு வெளிநாடு போய்ச் சுற்றி வந்த காலம் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் 2003இல் 'நிக்ஸி' என்ற தேசிய இணைய இணைப்பகம் தொடங்கப்பட்டது.

கடலடிக் கேபிள் அறுந்தால் பாதிப்பு நம் அறை வரை வரும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்திய இணையம் பெரிதும் தடுமாறியது. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே ஏற்பட்ட துண்டிப்பும் இந்தியாவில் வேகத்தைக் குறைத்தது. அந்த மாதிரி நாட்களில் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டு ஒரு பயனும் இல்லை.

கட்டம் 4: தூரம்

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். திருவனந்தபுரத்திலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர். போய்வர குறைந்தது 12.5 மில்லி நொடி. அமெரிக்கக் கிழக்குக் கரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர்; போய்வர 140 மில்லி நொடி. கேபிள்கள் வளைந்து நெளிந்து போவதால் நடைமுறையில் 200ஐத் தாண்டுவது சகஜம்.

இதில் என்ன பிரச்சினை? சர்வர் ஃபைலை ஒரே மூச்சில் அனுப்பாது. ஒரு தொகுதியை அனுப்பும், "வந்து சேர்ந்தது" என்று உங்கள் கணினி பதில் சொல்லும்வரை காத்திருக்கும், பிறகு அடுத்தது. தொகுதி 64 கிலோபைட், போய்வர 200 மில்லி நொடி என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஐந்து முறைதான் அனுப்ப முடியும். அதாவது வெறும் 2.6 மெகாபிட். அதே தொகுதி 20 மில்லி நொடியில் போய்வந்தால் 26 மெகாபிட். பிளான் ஒன்றுதான், தூரம் மட்டுமே மாறியது. வேகம் பத்து மடங்கு மாறிவிட்டது.

1992லேயே இந்தத் தொகுதியைப் பெரிதாக்கும் தரநிலை வந்துவிட்டது. இன்றைய கணினிகள் அதைத் தானாகவே செய்கின்றன. ஆனாலும் வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், நெரிசல் என்று நினைத்து சர்வர் வேகத்தைச் சட்டென்று குறைத்துக்கொள்ளும். தூரம் அதிகமானால் பழைய வேகத்துக்கு மீளவும் அதிக நேரம் பிடிக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• டவுன்லோடு பக்கத்தில் 'மிரர்' பட்டியல் இருந்தால் இந்தியாவையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுங்கள். முதலில் இருப்பதை அப்படியே சொடுக்காதீர்கள்.
• கிளவுடில் நீங்களே ஃபைல் வைப்பவர் என்றால் மும்பை, ஹைதராபாத் போன்ற இந்திய ரீஜன்களைத் தேர்ந்தெடுங்கள்.
• ஆபீஸ் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். விபிஎன் சர்வர் அமெரிக்காவில் இருந்தால், மும்பையில் இருக்கும் ஃபைலும் அமெரிக்கா போய்விட்டுத்தான் கழக்கூட்டம் வரும். பொது ஃபைலை விபிஎன் இல்லாமல் இறக்க அனுமதி உண்டா என்று ஐடி பிரிவைக் கேளுங்கள். கேட்காமல் நீங்களாக அணைக்க வேண்டாம்.

கட்டம் 5: சர்வர்

சில தளங்கள் ஒரு இணைப்புக்கு இவ்வளவு வேகம்தான் என்று வரம்பு வைக்கின்றன. இலவசப் பயனர்களை வேண்டுமென்றே மெதுவாக்கும் ஃபைல் பகிர்வுத் தளங்களும் உண்டு. இந்த இடத்தில்தான் டவுன்லோடு மேனேஜர் கைகொடுக்கிறது. ஃபைலைப் பல துண்டுகளாகக் கேட்டு, பல இணைப்புகளில் ஒரே நேரத்தில் இறக்கி, கடைசியில் ஒட்டிவிடும். ஏரியா2 போன்ற இலவச மென்பொருளே போதும். தூரத்தால் வரும் தாமதத்துக்கும் இதுவே மருந்து, ஏனென்றால் ஒரு இணைப்பு காத்திருக்கும்போது மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். நான்கைந்து இணைப்புகள் போதும். முப்பது வைத்தால் சில சர்வர்கள் உங்களையே தடுத்துவிடும்.

2001இல் வந்த பிட்டோரன்ட் இன்னொரு வழி. ஒரே சர்வரை நம்பாமல், அந்த ஃபைலை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வாங்குவது. திருட்டுப் படத்தால் இந்தப் பெயர் கெட்டுவிட்டது. ஆனால் உபுண்டு உள்ளிட்ட பல லினக்ஸ் வெளியீடுகள் அதிகாரபூர்வமாகவே டோரன்ட் தருகின்றன. முறை சட்டவிரோதம் இல்லை, இறக்கும் பொருளைப் பொறுத்தது.

தடை எங்கே? 20 நிமிடச் சோதனை

1. லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. கேபிளைக் கழற்றி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வை-ஃபையில் அதையே போடுங்கள். பெரிய வித்தியாசம் என்றால் தடை உங்கள் வீட்டில்.
3. இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் கேபிளிலேயே போடுங்கள். காலையில் நன்றாக இருந்து இரவில் சரிந்தால் தடை தெருவில், அல்லது நிறுவனத்தின் நெரிசலில்.
4. ஸ்பீட் டெஸ்ட் செயலி தானாகவே பக்கத்து சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது உங்கள் நிறுவனத்தின் சர்வராகவே இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் போய்வந்த நேரத்தை வைத்துப் பயண வேகம் சொல்வது மாதிரிதான் அது. கையால் மும்பை, சிங்கப்பூர், ஐரோப்பா என்று மாற்றிப் பாருங்கள். தள்ளிப் போகப் போக விழுந்தால் தடை நடுவழியில் அல்லது தூரத்தில்.
5. மெதுவாக இறங்கும் ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு தளத்திலிருந்து இன்னொன்றை இறக்குங்கள். மொத்த வேகம் கூடினால் உங்கள் இணைப்பில் இடம் மிச்சம் இருக்கிறது. முதல் சர்வர்தான் தடை. ஒன்று ஏறி மற்றது இறங்கினால் உங்கள் இணைப்பு நிரம்பிவிட்டது.

கடைசியில் சொன்ன அந்த நிலையில், அதுவும் கேபிளில் பிளானின் முழு வேகம் வந்துகொண்டிருந்தால், பெரிய பிளான் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மற்ற எல்லா நிலைகளிலும் பர்ஸை மூடி வையுங்கள்.

வேலைக்கு ஆகாதவை

டிஎன்எஸ் மாற்றினால் வேகம் கூடும் என்பார்கள். டிஎன்எஸ் முகவரி தேடித் தருவது மட்டுமே. பக்கம் திறப்பது சற்று விரைவாகலாம்; 6 ஜிபி ஃபைல் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கு வேலையில்லை. விண்டோஸ் 20 சதவீத வேகத்தைப் பதுக்கி வைத்திருக்கிறது என்பது இருபது வருடமாகச் சுற்றும் வதந்தி. 'ஸ்பீட் பூஸ்டர்' செயலிகளால் உங்கள் தெரு ஃபைபரை அகலமாக்க முடியாது. விளம்பரம் காட்டத்தான் முடியும்.

வேகத்தைவிட முக்கியமான இரண்டு

ஒன்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. 90 சதவீதத்தில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்குவதுதான் உலகின் மிக மெதுவான டவுன்லோடு. இரண்டு, சரிபார்ப்பு எண். பல தளங்கள் ஃபைலோடு ஷா-256 எண்ணையும் தரும். இறக்கிய பின் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ஃபைல் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், முழு ஃபைலும் தேவைதானா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மென்பொருள் களஞ்சியத்தின் பல வருட வரலாறு வேண்டாம், இன்றைய நிலை போதும் என்றால் கிட்டில் 'ஷேலோ குளோன்' இருக்கிறது. டேட்டாசெட் கிளவுடில் இருந்தால் அங்கேயே வடிகட்டி, முடிவை மட்டும் இறக்கலாம்.

தவறு நிறுவனத்தின் மேல் என்றால்?

கேபிளில், வெவ்வேறு நேரங்களில், குறைந்தது மூன்று நாள் எடுத்த அளவுகளை ஸ்கிரீன்ஷாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டா என்றால் டிராயின் மைஸ்பீட் செயலி இருக்கிறது. புகார் கொடுத்து டாக்கெட் நம்பர் வாங்குங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராயின் 2012 விதிமுறைப்படி இந்த இரண்டு படிகளும் உண்டு. "ஸ்லோவா இருக்கு சார்" என்பதைவிட "கேபிளில் காலை 94, இரவு 11" என்ற எண்ணைத் தட்டிக்கழிப்பது கடினம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு மேனேஜரிடம் பேசவும் அதே எண்கள் உதவும்.

20 மெகாபிட் யாருக்கு?

இவ்வளவு நேரம் 100 மெகாபிட் உள்ளவரின் கவலையைப் பேசினோம். அதே நகரத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கோழிக்கோட்டில் ஒரு கல்லூரி விடுதியின் மொபைல் கட்டுப்பாட்டை எதிர்த்து மாணவி ஒருவர் தொடர்ந்த வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5 அன்று திருவனந்தபுரத்தில் முதல்வர் பினராயி விஜயன் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மின்வாரியத்தின் கம்பங்கள், மின்தடங்கள் வழியாக ஃபைபர் இழுத்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டம், 140 சட்டமன்றத் தொகுதிகளில் தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்கள்.

அப்போது அறிவிக்கப்பட்ட கட்டண பிளான்களில் மிகச் சிறியது 20 மெகாபிட், மாதம் 299 ரூபாய். மிகப் பெரியது 250 மெகாபிட், 1,249 ரூபாய் (ஜிஎஸ்டி தனி). வகுத்துப் பாருங்கள். சின்ன பிளான்காரர் ஒரு மெகாபிட்டுக்கு 15 ரூபாய் கொடுக்கிறார், பெரிய பிளான்காரர் 5 ரூபாய். கம்பம், கேபிள், பராமரிப்புச் செலவு எல்லா வீட்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் விலை இப்படி அமைகிறது. இது கே-ஃபோனில் மட்டும் நடப்பதும் இல்லை.

மொத்தமாக வாங்குபவருக்கு மலிவு, சில்லறையாக வாங்குபவருக்கு விலை. அதனால் இந்த ஐந்து கட்டச் சோதனை 299 ரூபாய் பிளான் வைத்திருப்பவருக்குத்தான் அதிகம் தேவை. அவருடைய 40 நிமிடம், வை-ஃபை சொதப்பலால் இரண்டு மணி நேரமாகக் கூடாது. நாளை உங்கள் வீட்டு உரிமையாளரோ, ஊரில் அப்பாவோ "பெரிய பிளான் போடட்டுமா?" என்று கேட்டால், முதலில் ஒரு லேன் கேபிளை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.